பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கேட்பது எப்படி?

(தோட்டக் கிளை மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எங்களை இங்கு அழைத்த மாதர் பகுதியார், இன்றைக்குச் சம்பளம், போனஸ் பற்றிப் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். தகப்பன் விட்டுப் போன வீட்டில் பிள்ளைகளின் வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி, அதைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். சங்க மேடையில் இந்தப் பேச்சு அதிகம் எழுவதில்லை. 'அது வீட்டுச் சண்டை. சங்கத்துக்கு என்ன வேலை?' என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அப்படி ஒதுக்கியவர்களில் நாங்களும் உண்டு. அதை ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சகோதரி கிளை ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரே ஒரு காகிதம். கணவர் வேறு இடத்தில் குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டார். கோயில் கமிட்டியார் இருவரையும் கூட்டி வைத்துப் பேசி, மாதம் 300 வெள்ளி பிள்ளைகளுக்குக் கொடுப்பதாகக் கணவரிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். கமிட்டியார் நல்லெண்ணத்தோடு செய்த காரியம், குறை சொல்லவில்லை. நான்கு மாதம் பணம் வந்தது. பிறகு நின்றது. அந்தச் சகோதரி 'இன்று வரும், நாளை வரும்' என்று ஐந்து வருஷம் காத்திருந்துவிட்டு எங்களிடம் வந்து, 'ஐந்து வருஷப் பாக்கியை வாங்கிக் கொடுங்கள்' என்றார்.

எந்த உத்தரவைக் காட்டி வாங்கிக் கொடுப்பது? கோர்ட்டு உத்தரவு என்று ஒன்று அவர் கையில் இல்லை. அந்த ஐந்து வருஷமும் போனது போனதுதான். மூத்த பையன் அதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அன்றைக்கு அந்தச் சகோதரி கேட்ட கேள்வி இன்னும் எங்கள் காதில் நிற்கிறது: 'இதை முன்னமே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?'

ஆகவே இன்று சொல்கிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துப் போடுவோம். விவாகரத்து ஆனால்தான் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று நம் தாய்மார்களில் பலர் நினைக்கிறார்கள். விவாகரத்துக்கு ஹைகோர்ட்டு, வக்கீல் பீசு, வருஷக்கணக்கில் அலைச்சல். அதனால் ஜீவனாம்சமும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இது சரியல்ல. 1950-ம் வருஷத்திலேயே இந்த நாட்டில் மணமான மாதர், பிள்ளைகள் ஜீவனாம்சச் சட்டம் என்று ஒன்று வந்துவிட்டது. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. தன் மனைவியையோ, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத தன் பிள்ளையையோ ஒருவர் கவனிக்காமல் விட்டால், அல்லது கவனிக்க மறுத்தால், அதை நிரூபித்தவுடன் மாதாமாதம் இவ்வளவு கொடு என்று கோர்ட்டு உத்தரவிடலாம். தாலி கழுத்தில் இருக்கும்போதே கேட்கலாம். ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. பட்டணத்துக் கீழ்க்கோர்ட்டுக் கவுண்டரில் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி விசாரித்தால் எந்த மனு, எந்தக் கோர்ட்டு என்று வழி காட்டுவார்கள்.

இரண்டாவது சட்டம் 1976-ம் வருஷத்துத் திருமண, விவாகரத்துச் சட்டம். 1982 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களின் விவாகரத்து இதன் கீழ்தான் நடக்கிறது. விவாகரத்து வழக்கு ஹைகோர்ட்டில் போட்டிருப்பவர்கள் பிள்ளைகளின் ஜீவனாம்சத்தையும் அங்கேயே கேட்க வேண்டும். வழக்கு முடியும்வரை பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகை கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இதைப் பலர் கேட்பதே இல்லை. கேட்காததைக் கோர்ட்டு தானாக எடுத்துக் கொடுக்காது.

முஸ்லிம் குடும்பங்கள் சியரியா கோர்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே நாஃப்கா உத்தரவை நிறைவேற்றி வைக்கக் குடும்ப ஆதரவுப் பிரிவு என்று தனிப் பகுதியே இருக்கிறது. நமக்கு அப்படி ஒரு பகுதி இல்லை. உத்தரவு வாங்கிய பிறகும் தாயே துரத்திக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இது நியாயமா என்று அரசாங்கத்தைத்தான் கேட்க வேண்டும். அதை வேறொரு மேடையில் கேட்போம்.

இனி, எவ்வளவு கேட்பது? எல்லோரும் கேட்கிற கேள்வி இது. 'ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று கவர்மெண்டு ஒரு அட்டவணை வைத்திருக்குமே' என்கிறார்கள். அப்படி ஒரு அட்டவணை நம் நாட்டில் இல்லை. தகப்பன் சம்பளத்தில் இத்தனை சதவிகிதம் என்றும் சட்டத்தில் எழுதவில்லை. பிள்ளைக்கு என்ன தேவை, தகப்பனுக்கு என்ன வசதி, இந்த இரண்டையும் பார்த்து நியாயமென்று தோன்றும் தொகையைக் கோர்ட்டு வைக்கிறது. பிள்ளைக்கு இருப்பிடம், உடை, உணவு, கல்வி நான்கையும் தம் வசதிக்கும் நிலைக்கும் தக்கபடி கொடுப்பது பெற்றோரின் கடமை என்று 1976-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. 'பெற்றோர்' என்றுதான் சொல்கிறது. தகப்பன் என்று மட்டும் சொல்லவில்லை. தாய் சம்பாதித்தால் அவர் பங்கும் கணக்கில் வரும். பிள்ளை தகப்பனிடம் இருந்து, தாய்க்கு வசதியும் இருந்தால், தாயைக் கொடுக்கச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. தாய்மார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அட்டவணை இல்லாததால் கணக்குப் போடும் வேலை நம் தலையில் விழுகிறது. ஒரு கணக்கை இங்கேயே போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்காக நாங்கள் போட்டது; யார் வீட்டுக் கணக்கும் அல்ல.

தாயிடம் இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்கு 9 வயது, மற்றதுக்கு 14. வீட்டு வாடகை 450 வெள்ளி. வீட்டில் மூன்று பேர். ஆகவே பிள்ளைகள் இருவரின் பங்கு 300. தண்ணீர், மின்சாரம் 90; இதிலும் மூன்றில் இரண்டு பங்கு 60. இருவருக்கும் சாப்பாட்டுச் செலவு 480. பள்ளிக்கூட வேன் 120. பள்ளியில் தின்ன ஆளுக்கு நாளுக்கு 3 வெள்ளி வீதம், 20 நாளைக்கு 120. டியூஷன் 100. பள்ளி உடுப்பு, சப்பாத்து, பை, புத்தகம், தீபாவளித் துணி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 720. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 60. மருந்துக்கு 30. மொத்தம் 1,270 வெள்ளி.

இப்போது வருமானம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. தாய் அந்தச் சம்பளத்தில் ஒரு பேக்டரியில் இருக்கிறார். சேமநிதி, சொக்சோ போகக் கையில் ஏறக்குறைய 1,500. தகப்பன் லோரி ஓட்டுகிறார், கையில் 2,250. இருவர் வருமானமும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதம். அந்த விகிதத்தில் 1,270-ஐப் பிரித்தால் தகப்பன் பங்கு 762 வெள்ளி, தாய் பங்கு 508.

இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தகப்பனுக்கும் வாடகை, சாப்பாடு உண்டு. அவரும் தம் கணக்கை வைப்பார். நீதிபதி 700 என்று வைக்கலாம், 600 என்றும் வைக்கலாம். ஆனால் 'மாசம் ஒரு 1,500 கொடுக்கச் சொல்லுங்க ஐயா' என்று வாய்க்கு வந்த தொகையைக் கேட்பதற்கும், கணக்கோடு 762 என்று கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு ரசீது இருந்தால் அந்தக் கணக்கை எளிதில் தள்ள முடியாது. ஆகவே இன்று முதல் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் ரசீதுகளைப் போட்டு வையுங்கள். வேன்காரரிடமும் டியூஷன் ஆசிரியரிடமும் வாங்கிய பணத்துக்கு ஒரு கையெழுத்து கேளுங்கள். சண்டையே இல்லாத வீட்டிலும் அந்த டின் இருந்தால் கெடுதல் இல்லை.

தகப்பனின் வருமானத்தைக் காட்டுவதுதான் கடினமான பகுதி. தோட்ட வேலையை அறிந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பால்வெட்டுக்காரருக்கு ஒவ்வொரு மாதமும் ஒரே சம்பளமா வருகிறது? மழை பெய்தால் வெட்டு இல்லை. இலை உதிரும் காலத்தில் பால் சுண்டிப் போகும். கொடுக்க மனமில்லாத மனிதர் அந்த மாதத்துச் சம்பளச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வருவார். நீதிபதி பட்டணத்துக்காரராக இருந்தால் அவருக்கு இந்த விவரம் தெரிய நியாயமில்லை; நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு மாதச் சீட்டுப் போதாது, பன்னிரண்டு மாதச் சீட்டு வேண்டும் என்று கேளுங்கள். வருஷச் சம்பளத்தைக் காட்டும் இ.ஏ. பாரம், சேமநிதிக் கணக்கு, பேங்குக் கணக்கு இவற்றைக் காட்டச் சொல்லும்படி கோர்ட்டை வேண்டிக்கொள்ளுங்கள். சேமநிதியில் தொழிலாளியின் பங்கு 11 சதவிகிதம். அந்தத் தொகை தெரிந்தால் சம்பளம் எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடலாம். ஓவர்டைம் இருக்கிறதா, வேலை முடிந்து வேறு எங்காவது புல் வெட்டுகிறாரா, இதையெல்லாம் தாய்தான் அறிவார். கேள்விப்பட்டதைச் சொல்லாதீர்கள், கண்டதைச் சொல்லுங்கள்.

கோர்ட்டுக்குப் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: அடையாளக் கார்டு, திருமணப் பதிவுப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், செலவுக் கணக்கு, ரசீதுகள், பணம் எப்போது நின்றது என்று காட்டும் பேங்குப் புத்தகம். அவர் இருக்கும் விலாசமும் வேலை செய்யும் இடத்தின் விலாசமும் கட்டாயம் தெரிய வேண்டும். சம்மன் போய்ச் சேராவிட்டால் வழக்கு நகராது. வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் 'பந்துவான் குவாமான்' என்னும் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவுக்குப் போகலாம். வருமான வரம்பு பார்ப்பார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் அந்த வரம்புக்குள் இருப்போம் என்றே நினைக்கிறோம். வக்கீல் மன்றத்தின் சட்ட உதவி நிலையங்களும் இருக்கின்றன.

திருமணப் பதிவுப் பத்திரம் என்றதும் சிலர் முகம் வாடுகிறது. காரணம் தெரியும். கோயிலில் தாலி கட்டி, விருந்து போட்டு, பதிவு இலாகாப் பக்கமே போகாத ஜோடிகள் இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச்சுக்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடந்ததைச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் மனைவி என்ற முறையில் தனக்காகக் கேட்பதில் பெரிய சிக்கல் வரும். ஆனால் பிள்ளையின் கதவு மூடப்படவில்லை. முறையான திருமணத்தில் பிறக்காத பிள்ளைக்கும் தகப்பன் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டுமென்று அந்த 1950-ம் வருஷச் சட்டமே சொல்கிறது. இவர்தான் தகப்பன் என்பதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறப்புப் பத்திரம் பெரிய துணை. பதிவில்லாத தம்பதிகளின் பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு செய்யும்போது, தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால்தான் தகப்பன் பெயரை எழுதுவார்கள். குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் எல்லாரும் இருக்கும் அந்த நாட்களில் இருவரும் சேர்ந்து போய் எழுதிவிடுங்கள். மனஸ்தாபம் வந்த பிறகு அவர் வரமாட்டார். பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேரனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள் அல்லவா, அப்போதே இதையும் ஞாபகப்படுத்துங்கள்.

'இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று சிலர் அஞ்சுகிறார்கள். பெற்றோர் இருவரும் என்ன எழுதிக்கொண்டாலும், பிள்ளையின் நலனுக்கு அவசியமென்று கண்டால் அந்த ஒப்பந்தத்தை மாற்றக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. பிள்ளையின் சோற்றைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

எத்தனை வயதுவரை? 18 வயதுவரை என்பது பொது விதி. உடல் ஊனமோ மனநலக் குறைவோ உள்ள பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கும்வரை. படிக்கிற பிள்ளையின் கதி என்ன என்று கேட்டால், 2004-ல் பெடரல் கோர்ட்டு, மேற்படிப்புக்காக 18-க்கு மேல் நீட்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்த்தது. எஸ்.பி.எம். எழுதி முடித்து, கல்லூரி வாசலில் நிற்கிற நேரத்தில் பணம் நின்றுபோகும். 2017-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2018 டிசம்பர் 15 முதல் நிலைமை மாறிவிட்டது. மேற்படிப்போ பயிற்சியோ தொடரும் பிள்ளைக்கு அது முடியும்வரை ஜீவனாம்சம் உண்டு. பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தும் பணமில்லை என்று பிள்ளையை நிறுத்துவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

உத்தரவு கிடைத்த பிறகும் கொடுக்காவிட்டால்? காத்திருக்காதீர்கள். 1976-ம் வருஷச் சட்டத்தின்படி, வழக்குப் போடும் நாளுக்கு மூன்று வருஷத்துக்கு முந்திய பாக்கியை வசூலிக்க முடியாது. 'போகட்டும், அடுத்த தீபாவளிக்குப் பார்ப்போம்' என்று தள்ளுகிற ஒவ்வொரு மாதமும் பின்வாசல் வழியாக ஒரு மாதப் பணம் போய்க்கொண்டிருக்கும். வேண்டுமென்றே கொடுக்காதவரிடம் அபராதத்தை வசூலிப்பதுபோல வசூலிக்கலாம். நிலுவையில் நிற்கும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம்வரை சிறை என்றுகூட 1950-ம் வருஷச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் அபிப்பிராயத்தில் சிறை கடைசி வழி. உள்ளே இருப்பவருக்குச் சம்பளம் ஏது? அதைவிடச் சம்பளப் பிடித்த உத்தரவு மேல். 1968-ல் வந்த சட்டம் இதற்கு வழி செய்கிறது. கோர்ட்டு முதலாளிக்கு உத்தரவு போடும். முதலாளி மாதச் சம்பளத்திலேயே பிடித்துக் கட்டிவிடுவார்.

இங்கேதான் சங்கத்துக்குச் சோதனை வருகிறது. ஒரு தோழர், நல்ல சங்கப் பற்றுள்ளவர், போராட்டத்தில் எங்களோடு வெயிலில் நின்றவர், ஒரு நாள் சம்பளச் சீட்டோடு வந்து மேசையில் அடித்தார். 'என் சம்பளத்தில் கைவைக்கிறார்கள். சங்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறதா? சந்தா கட்டுவது நானா, அவளா?' என்று கேட்டார். எங்களில் சிலருக்கு அவர்மேல் இரக்கம் வந்தது உண்மை. அநியாயப் பிடித்தங்களை எதிர்த்துப் பிறந்தது நம் சங்கம். ஆனால் இது முதலாளி பிடிக்கும் பிடித்தமல்ல. அவருடைய பிள்ளைகளுக்கு அவர் கொடுக்க வேண்டிய சோறு. அந்தப் பிடித்தத்தை நிறுத்தச் சங்கம் ஒரு கடிதமும் எழுதாது என்று நேரில் சொன்னோம். இரண்டு மாதம் அவர் எங்களோடு பேசவில்லை. இருக்கட்டும்.

அதே தோழருக்கு இன்னொன்றும் சொன்னோம். அதை இங்குள்ள ஆண் தோழர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வேலை போயிற்று, நோயில் விழுந்துவிட்டீர்கள் என்றால், நீங்களாகவே பணத்தை நிறுத்தாதீர்கள். நிலைமை மாறியதைக் காட்டி உத்தரவைக் குறைக்கும்படி கோர்ட்டில் மனுச் செய்யுங்கள். சட்டம் அதற்கு இடம் வைத்திருக்கிறது. விலைவாசி ஏறினால் தாய் கூட்டிக் கேட்கவும் அதே வழிதான். மனுச் செய்யாமல் நிறுத்தினால் பாக்கி மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும். கையில் கொடுத்தேன், மாமியாரிடம் கொடுத்தேன் என்பதும் வேண்டாம். தாயின் பேங்குக் கணக்கில் போடுங்கள், சீட்டு இருக்கும்.

'பிள்ளையைப் பார்க்க விடவில்லை, அதனால் கொடுக்கவில்லை' என்பார் ஒருவர். 'கொடுக்கவில்லை, அதனால் பார்க்க விடவில்லை' என்பார் மற்றவர். இரண்டும் வேறு வேறு விஷயம். பிள்ளை யாரிடம் இருந்தாலும் பெற்றோரின் கடமை நிற்காது என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. பார்க்க விடாவிட்டால் அதற்குத் தனியாக மனுச் செய்ய வேண்டும்.

கோர்ட்டுப் படி ஏறினால் மானம் போய்விடும் என்று நினைக்கும் தாய்மார்களிடம் நாங்கள் வாதாட விரும்பவில்லை. மளிகைக் கடையில் கடன் சொல்லி நிற்பது அவர்களுக்குத்தான் தெரியும். கோர்ட்டுக்குத் தனியாகப் போகப் பயந்தால், மாதர் பகுதியிலிருந்து ஒருவர் கூட வருவார் என்று இந்தக் கிளை தீர்மானித்திருக்கிறது. உங்கள் கணவர் நம் சங்கத்து உறுப்பினராக இருந்தாலும் வருவார்.

சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளை ஆபீசு திறந்திருக்கும். செலவுக் கணக்கு எழுதத் தெரியாதவர்கள் ரசீதுகளை மட்டும் கொண்டுவாருங்கள், எழுதித் தருகிறோம். பிறப்புப் பத்திரத்தை மறந்துவிடாதீர்கள். இப்போது கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். எல்லார் முன்னிலையிலும் கேட்கக் கூசுகிறவர்கள் தேநீர் வேளையில் பின்பக்கம் மாதர் பகுதிச் செயலாளரைப் பாருங்கள்.